நினைவுக் காணிக்கையில் என் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

மத்தியானம் மணி பன்னிரண்டாகப் போகிறது. ஊரில் என் பிறந்தநாள் அரைமணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இங்கே இன்னும் பாதி நாள் மீதி இருக்கிறது. ஆனால் எனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அங்கே விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்கள். கல்கரிக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் நான் தப்பில்லாமல் போடக் கற்றுக்கொண்ட கணக்கு இது ஒன்றுதான். குளிர்காலத்தில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். நேற்று முற்பகலிலேயே ஊர்க்கணக்கில் எனக்கு எழுபது ஆகிவிட்டது. இன்று காலை நீ ஷூ மாட்டிக்கொண்டே "ஹேப்பி பர்த்டே அம்மா" என்று சொல்லித் தலையில் கை வைத்துவிட்டுப் போனபோது மறுபடியும் ஒரு தடவை எழுபது ஆனது. அப்புறம் மருமகள் ஷீபா ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போனாள். என் பேத்தி ரியா பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஹீட்டர் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள்கள் இருக்கின்றன. என் விசாவை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்டு நீ நிரப்பி வைத்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறாய். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும் அம்மா, மறந்துராதீங்க" என்று நேற்று சொன்னாய். காலையிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் எடுத்த பேனாவால் கையெழுத்துப் போடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நீ சிரிப்பாய். முகத்துக்கு நேரே சொன்னால் "வீக்கெண்ட்ல பேசுவோம் அம்மா" என்பாய். வீக்கெண்ட் வந்தால் துணி துவைக்க வேண்டும், ரியாவை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும், வாசலில் பனி வார வேண்டும். நான் முப்பத்துநாலு வருடம் கிராம சுகாதார நர்ஸாக ரிப்போர்ட் எழுதியே காலம் தள்ளியவள். எழுதிக் கொடுத்தால்தான் மேலதிகாரி படிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நீ வைத்த விருந்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை பிறந்தநாள் வருகிறவளுக்குச் சனிக்கிழமை கேக் வெட்டுவது இந்த ஊர் வழக்கம். இங்கே பிறந்தநாளும் லீவு பார்த்துத்தான் வருகிறது. நான்கு குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தாய். யாருக்கும் என்னை முன்பின் தெரியாது, ஆனாலும் எல்லாரும் என் காலைத் தொடாத குறையாக மரியாதை காட்டினார்கள். ஏழும் சைபருமாக இரண்டு மெழுகுவர்த்தி. ஷீபா எனக்காக ஃப்ரீசரில் கிடந்த மரச்சீனிக் கிழங்கை அவித்து, மீன்கறியும் வைத்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரிக்கு மரச்சீனி அவிக்கும் பக்குவம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்தான். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை, நீ சொல்லிவிடு. எல்லாரும் சுற்றி நின்று பாட ஆரம்பித்தபோதுதான் என் போன் அடித்தது. இரவு எட்டு மணி. ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை, முதல் ஆராதனை முடிந்து ஆட்கள் வீடு திரும்பியிருக்கிற நேரம்.

ஸ்டெல்லாதான். நம் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, நம் வீட்டுச் சாவியை இப்போது இடுப்பில் வைத்திருக்கிறவள். "ஏட்டி..." என்றாள்.

"என்னட்டி, எனக்குப் பிறந்தநாளு செவ்வாக்கிழமையில்லா?" என்றேன்.

"நீதானா பேசுகது? நீயேதானா?"

"பின்ன யாரு, எனக்க பேயா?"

அவ்வளவுதான், ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். "சர்ச்சுல வச்சு ஒன்ன கொன்னு போட்டாவட்டீ!"

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நம் சர்ச்சின் வழக்கம் நீ மறந்திருக்க மாட்டாய். அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்கள் ஞாயிறன்று ஒரு கவரில் காணிக்கை போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் பெயரை வாசிப்பார். அவர்கள் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். சபை உட்கார்ந்தபடியே அவர்களுக்காகப் பாடும். அதற்குப் பிறகு, இறந்தவர்களின் நினைவாகக் கொடுத்த காணிக்கைகளை வாசிப்பார்கள். அதற்கு மட்டும் சபை எழுந்து நிற்கும். நான் இங்கே வந்த பிறகு என் பிறந்தநாள் கவரை ஸ்டெல்லாதான் என் பேரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் இறந்த நாளும் இதே வாரத்தில்தான் வரும். இந்தத் தடவை அவளுக்கு முட்டு வலி, சர்ச்சுக்குப் போக முடியவில்லை. இரண்டு கவரையும் தொலைந்துபோகாமல் இருக்க ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். மேலே இருந்த கவரில் நினைவுக் காணிக்கை என்று இருந்தது. வாங்கினவர் இரண்டையும் நினைவுக் காணிக்கைக் கட்டோடு வைத்துவிட்டார். போதகர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, என்னைக் கண்டதே இல்லை. அந்தத் தம்பி நிறுத்தி நிதானமாக, நல்ல குரலில், என் பெயரை வாசித்தார். என் சபை எனக்காக எழுந்து நின்றது.

ஸ்டெல்லா சொல்லச் சொல்ல நான் என்ன கேட்டேன் தெரியுமா? "யாரெல்லாம் அழுதாவ?" என்றேன். எழுபது வயதில் இப்படி ஒரு ஆசை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் நாலு வரிசை அழுததாம். செல்லம்மை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "எனக்க நர்ஸம்மா, எனக்க நர்ஸம்மா" என்று அவள் போட்ட சத்தத்தில் போதகர் வாசிப்பை நிறுத்திவிட்டாராம். என்னோடு பத்து வருடமாகப் பேசாத பால் சொசைட்டிக்காரி கூட முந்தானையால் மூக்கைச் சிந்தினாளாம். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நீ வெட்டிக் கொடுத்த கேக்கைவிட அது இனித்தது.

நீ போனை வாங்கி விஷயத்தைக் கேட்டாய். கேட்டுவிட்டு விருந்துக்கு வந்தவர்களிடம் இங்கிலீஷில் சொன்னாய். நீ நன்றாகக் கதை சொல்வாய், அது அப்பாவிடமிருந்து வந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல் செட்டு கழன்று விழாத குறை. இது நடந்தது உண்மை, அதனால் உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம் வந்தது அதற்குப் பிறகு. எல்லாரும் போனபின் நீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே, "இனிமே இந்தக் கவர், பின்னு ஒண்ணும் வேண்டாம் அம்மா. நான் ஆன்லைன்ல அனுப்பிருகேன். ஸ்டெல்லா சித்திய கஷ்டப்படுத்தாதீங்க" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். எனக்கு அந்த ஈரக் கிளாஸை வாங்கித் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. வருடத்தில் ஒருநாள் என் பேரை ஒரு மனுஷி தன் கையால் எழுதி, முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாவது கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதையும் எடுத்துவிட்டால் அந்த ஊரில் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஞாயிறு முழுக்க நான் உன்னிடம் பேசவில்லை. "கோவமா அம்மா?" என்றாய். "இல்ல மக்கா, தலைவலி" என்றேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி. ஆராதனை முடிந்ததும் நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற ராசையன் நேரே ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருக்கிறான். "பாடி எப்பம் வருது? சாருக்க பக்கத்துல உள்ள கல்ல இளக்கணும்லா, ரெண்டு ஆளு வேணும்" என்று கேட்டிருக்கிறான். அப்பாவின் கல்லறையை இரண்டு பேருக்கென்றே அகலமாகக் கட்டியது உனக்கு நினைவிருக்கும். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்த ஏற்பாடு அது. ராசையன் கேட்டதற்கு வாசலில் கூடி நின்ற ஒருவர் சொன்னாராம்: "பாடி எல்லாம் வராது. அம்புட்டுத் தூரத்துலேருந்து எவன் கொண்டு வருவான்? அவன் அங்கினயே முடிச்சிருப்பான்." ஸ்டெல்லா இதைச் சூதுவாது இல்லாமல், சிரிப்புக் கதை மாதிரித்தான் சொன்னாள். நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ அப்போது எல்லாருக்கும் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் என்னை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படித் தெரியாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தச் சொல்லாமல் விடுகிற வியாதி நம் வீட்டில் என்னிடமிருந்து தொடங்கியது. உன் ஏழாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீல நிறத்தில் புதுச் சட்டை. அப்பாவுக்குக் களியக்காவிளை ரூட்டில் பஸ் டூட்டி, லீவு கிடைக்கவில்லை. நான் உன்னைக் கூட்டிப்போவதாக இருந்தேன். விடியும்போது பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான், பெண்டாட்டிக்கு வலி கண்டு நேரமாகிவிட்டது, ஜீப் ஏறாத பாதை. "ஆராதனைக்கு முன்ன வந்துருவேன் மக்கா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. நீ கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையாய்ப் பீடத்துக்கு முன்னால் போய் நின்றாய் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. "அம்மா எங்க பிள்ளே?" என்று அப்போதிருந்த போதகர் கேட்டதற்கு, "அம்மாக்கு வேலை இருக்கு" என்று சபை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாயாம். நான் வந்ததும், "போய்ட்டு வந்தியா?" என்று கேட்டேன். "போனேன்" என்றாய். அவ்வளவுதான் அன்று நாம் பேசியது.

அன்றைக்குப் பிறந்தது செல்லம்மையின் மூத்த மகள். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல் கண் செருகிப்போனது. நான் அரைமணி நேரம் பிந்தியிருந்தால் அவள் இல்லை. போன ஞாயிறு எனக்காகப் பெஞ்சில் விழுந்து அழுத அதே செல்லம்மைதான். அன்று போனது தப்பா என்று கேட்டால், அவளைப் பார்க்கும்போது இல்லை என்பேன், உன்னைப் பார்க்கும்போது ஆமாம் என்பேன். என் தப்பு அதுவல்ல. வீட்டுக்கு வந்தபின் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தனியா நிக்கும்போ எப்படி இருந்துச்சு மக்கா?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழ வேண்டிவரும் என்று பயந்து மீன் கழுவப் போய்விட்டேன். முப்பத்துமூன்று வருடம் கழித்து இப்போது கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

அப்பாவை அடக்கம் செய்த வாரமும் இதே கதைதான். வீட்டு ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரே ஒரு பய. அம்மைய ஒத்தைக்குப் போட்டுட்டுப் போவானா?" என்றார். நீ தலையைத் தூக்கி, "அம்மா என்கூட வாறாங்க" என்றாய். அதுவரை நீ என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உன் முகம் சிவந்து போயிருந்தது. சபையில் என் பிள்ளை தலைகுனியக் கூடாது என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. "ஆமா, நாந்தான் கேட்டேன், கூட்டிட்டுப் போன்னு" என்றேன். பச்சைப் பொய். நான் கேட்டேன் என்று நீ நம்பவில்லை, ஆனால் நான் வர விரும்புகிறேன் என்று நம்பிவிட்டாய். நீ ஊர்வாய்க்குப் பயந்து சொன்னாய், நான் உன் மானத்துக்குப் பயந்து சொன்னேன். நாலு பேர் காப்பி குடித்து முடிப்பதற்குள் என் மிச்ச வாழ்க்கை முடிவாகிவிட்டது. அந்த நாலு பேரில் பெரியப்பாவும் இப்போது இல்லை.

இங்கே வந்த முதல் வருடத்தில் நீ மூன்று தடவை கேட்டாய், "ஊருக்குப் போணும்னு இருக்கா அம்மா?" என்று. மூன்று தடவையும் இல்லை என்றேன். வேதம் படிக்கிற வீட்டில் வளர்ந்தவன் நீ, ஆண்டவரைத் தெரியாது என்று சீடன் மூன்று தடவை பொய் சொன்னதும் சேவல் கூவிய கதை உனக்குத் தெரியும். இது சேவல் கூவாத ஊர் என்பதால் நான் தப்பித்தேன். நாலாவது தடவை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம்.

என் நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது மகனே. நீ வீட்டில் இல்லாத நேரம்தான் என் நாள். பதினோரு மணிக்குப் பூட்ஸ் மாட்டி, கோட்டு மாட்டி, தொப்பி மாட்டி, தெருமுனையில் இருக்கிற தபால் பெட்டிக்கு நடக்கிறேன். போய்வரக் கால்மணி நேரம், மாட்டிக் கழற்ற அரைமணி நேரம். பெட்டியில் பீட்சா விளம்பரம்தான் இருக்கும். ஆனாலும் சாவி போட்டுத் திறக்க ஒரு பெட்டி இருக்கிறதே என்று போகிறேன். அங்கே சிலநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வருவாள், என் வயதுதான் இருக்கும். "கோல்ட் டுடே" என்பாள். "யெஸ், கோல்ட்" என்பேன். இரண்டு குளிர்காலமாக நாங்கள் பேசியது மொத்தம் இவ்வளவுதான். மூன்று வாரமாக அவளைக் காணவில்லை. யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை, அவள் பேரும் எனக்குத் தெரியாது. அவளுக்காக எழுந்து நிற்க எங்காவது நாலு பேர் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் யாரும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. ஷீபா என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் நீ அவளிடம் சொல்லாமல் இருந்ததற்கு உனக்கு நன்றி. ரியா என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டு என் கையிலுள்ள நரம்பை அமுக்கிப் பார்ப்பாள். அவள் தமிழும் என் இங்கிலீஷும் நடுவழியில் சந்திக்க முடியாமல் திணறும், அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தூங்கிப்போவோம். அவளை நினைத்தால்தான் எனக்குக் கால் நகர மாட்டேன் என்கிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அந்தப் போதகர் தம்பி போன் செய்தார். பாவம், நான் ஹலோ சொல்வதற்குள், "அம்மா, மன்னிக்கணும். வாற ஞாயிறு சபையில திருத்தி வாசிச்சிருகேன்" என்றார். திருத்தி எப்படி வாசிப்பார் என்று நினைத்தேன். போன வாரம் மரித்த சகோதரி இந்த வாரம் மரிக்கவில்லை என்றா வாசிக்க முடியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "நீங்க ஒண்ணும் வாசிக்காண்டாம் ஐயா. நானே நேர்ல வந்து நிக்கேன், எல்லாரும் பாத்துக்கட்டும்" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது, அதன் பின்னால்தான் மனது வந்து சேர்ந்தது. உன்னிடம் மூன்று தடவை மறைத்ததை முகம் தெரியாத ஒரு பையனிடம் போனில் உளறிவிட்டேன். அதற்கு மறுநாள்தான் நீ இந்தத் தாள்களைக் கொண்டு வந்து வைத்தாய்.

மக்கா, நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அங்கே யார் இருக்கிறார்கள், பிரஷர் இருக்கிறது, குளியலறையில் விழுந்தால் யார் தூக்குவது என்பாய். எல்லாம் உண்மை. அங்கேயும் நான் தனியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் விளக்குப் போட்டபின் அந்த வீடு எவ்வளவு பெரிதாகிவிடும் என்று அப்பா போன பத்து நாளிலேயே பார்த்துவிட்டேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பொய் சொன்னதுவரை போதும். ஆனால் அங்கே வாசலில் போகிறவன் "நர்ஸம்மா, கரண்டு உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவான். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை என்றால் ஸ்டெல்லா கால்முட்டைப் பிடித்துக்கொண்டாவது வந்து கதவை இடிப்பாள். செல்லம்மையின் மகள் இப்போது நம் துணை சுகாதார நிலையத்திலேயே வேலையாக இருக்கிறாள், பிரஷர் பார்க்க அவள் வருவாள். என் பென்ஷன் எனக்குத் தாராளம். ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதாம், அதை மழைக்கு முன் மாற்ற வேண்டும். விழுந்தால் விழுவேன். இங்கேயும் நீங்கள் வர ஆறு மணி ஆகும்.

உனக்கு அறிவுரை சொல்கிற வயதைத் தாண்டிவிட்டாய், நாற்பது ஆகிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ரியாவின் விஷயத்தில் எதையாவது முடிவு பண்ணும்போது, அவள் நல்லதுக்குத்தானே என்று நீயாகப் பண்ணாதே. அவளைக் கேள். அவள் "சரி" என்று சொன்னாலும் விடாதே. நம் வீட்டுச் "சரி"யில் பாதி பொய். இன்னொரு தடவை கேள், அவள் முகத்தைப் பார்த்துக் கேள். ஷீபாவிடமும் அப்படித்தான். அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன மாதம் "நான் போகலைன்னாலும் பரவால்ல" என்று அவள் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். அவள் அன்று அடுப்படியில் எதற்கும் இல்லாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ இதை வாசித்துவிட்டு மாடியேறி வருவாய். உன்மேல் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து அழவும் செய்வாய். அழுதால் அழு, இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன். உன்னிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். டிக்கெட் போடும்போது எனக்கு மட்டும் போட்டு, வீல்சேரில் வைத்து ஆளிடம் ஒப்படைத்து அனுப்பிவிடாதே. ஒரு வாரமாவது லீவு கேட்டு நீயும் வா. உனக்கு வேலை அதிகம், தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று ஒருவர் சொன்னாரே, எவன் கொண்டு வருவான் என்று, அவர் சொன்னது தப்பு என்று எனக்குள் ஒரு நிச்சயம் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் எத்தனை தூரமானாலும் நீ என்னை அப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பாய். அதற்கு எப்படியும் ஒரு விமானம் ஏறத்தான் போகிறாய். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டு வருகிறபோதே ஏறிவிடு மகனே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா